குதிகால் வலி, அதிர்வலைச் சிகிச்சை, அத்தஹிய்யாத் இருப்பு



“ஹஜ்ரத், உங்கள் காலில் கரண்ட் வைத்தார்களாமே?” என்று கடந்த சில மாதங்களில் என்னிடம் கேட்காதவர்கள் எங்கள் மஹல்லாவில் மிகச் சிலரே. ‘ஷாக்வேவ்’ என்னும் பெயர்தான் இதற்குக் காரணம். நம் பேச்சு வழக்கில் ஷாக் என்றால் மின்சாரம் தாக்குவது மட்டுமே. அதனால் குதிகால் வலிக்கும், தோள்பட்டை வலிக்கும் இச்சிகிச்சையை மருத்துவர் பரிந்துரைத்தவுடன் பலர் அஞ்சி வீடு திரும்பிவிடுகின்றனர். வேறு சிலரோ, விளம்பரத்தைக் கண்டு, ஒரே நாளில் வலியைப் பிடுங்கி எறிந்துவிடும் கருவி என்று எண்ணிப் பணத்தைச் செலவழிக்கின்றனர். இவ்விரு சாராரும் அடிக்கடி என்னிடம் வந்து கேட்பதால், நான் அனுபவித்ததையும் விசாரித்துப் படித்து அறிந்ததையும் இங்கே எழுதிவைக்கிறேன். நான் மருத்துவன் அல்லன். பத்தொன்பது ஆண்டுகளாக மக்தப் மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவன். ஆகவே மருத்துவம் குறித்து நான் எழுதுவதை உங்கள் மருத்துவரிடம் கேட்கவேண்டிய கேள்விகளாகக் கொள்ளுங்கள்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இச்சிகிச்சையில் உடலுக்குள் மின்சாரம் செலுத்தப்படுவதில்லை. ஷாக்வேவ் என்பது அழுத்த அலை. ஒலியின் இனத்தைச் சேர்ந்தது. இடி இடிக்கும்போது சன்னல் கதவு அதிர்கிறதே, அது போன்ற ஓர் அதிர்வைச் சிறிய இடத்தில், அளவாக, மீண்டும் மீண்டும் செலுத்துகின்றனர். தமிழில் அதிர்வலைச் சிகிச்சை என்று சொன்னால் பாதி அச்சம் குறைந்துவிடும் என்பது என் எண்ணம்.

எனக்கு வலி தொடங்கியது ஷவ்வால் மாதத்தில். அதற்கு முந்தைய ரமளான் முழுவதும் பக்கத்து ஊர்ப் பள்ளிவாசலில் தராவீஹ் தொழுவித்திருந்தேன். பெருநாள் கழிந்து மதரஸா திறந்த வாரத்தில், ஸுப்ஹுக்கு எழுந்து படுக்கையிலிருந்து வலக்காலைத் தரையில் ஊன்றியபோது குதிகாலின் அடியில் ஆணி ஏறியதுபோல் இருந்தது. நான்கைந்து எட்டு வைத்தபின் அது தணிந்தது. பிறகு அது ஒவ்வொரு நாளும் வந்தது. நெடுநேரம் அமர்ந்து பாடம் கேட்டுவிட்டு எழும்போதும் வந்தது. மாதங்கள் செல்லச் செல்ல, தணிவதற்கு நான்கு எட்டுகள் போதாமல் தெருமுனை வரை நடக்கவேண்டியதாயிற்று.

விடியற்காலையில் வைக்கும் முதல் அடியில் வலி. நடக்க நடக்கத் தணிவு. நெடுநேரம் நின்றால் மீண்டும் வலி. இந்த மூன்றையும் சொன்னாலே மருத்துவர்கள் நோயின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். குதிகால் எலும்பின் அடியிலிருந்து புறப்பட்டு விரல்களின் அடிவரை விரிந்து செல்லும் தடித்த நார்ப்பட்டை ஒன்று உண்டு. அதைப் பிளான்டர் ஃபேசியா என்கின்றனர். பாதத்தின் வளைவைத் தாங்கி நிற்பது அதுதான். அது எலும்போடு சேரும் இடத்தில் நைந்துபோவதே இந்த நோய். நாற்பதைக் கடந்தவர்கள், உடல் எடை கூடியவர்கள், கெட்டியான தரையில் நாள்தோறும் நெடுநேரம் நிற்பவர்கள் ஆகியோரையே இது பெரும்பாலும் பிடிக்கிறது. காரைத்தரையில் வெறுங்காலுடன் காலையும் மாலையும் பிள்ளைகளின் வரிசைகளுக்கிடையே நடக்கும் எனக்கு மூன்று தகுதிகளும் இருந்தன. நம் வீட்டுச் சகோதரிகளுக்கும் இவை உண்டு. அடுக்களையில் வெறுங்காலுடன் அவர்கள் நிற்கும் நேரத்தை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

முதலில் எடுத்த எக்ஸ்ரேயில் குதிகால் எலும்பின் அடியில் சிறு முள் போன்ற வளர்ச்சி தெரிந்தது. “எலும்பு வளர்ந்திருக்கிறது” என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டில் அனைவரும் கலங்கிவிட்டனர். அறுவைசெய்து அதை எடுத்தாக வேண்டும் என்று என் மைத்துனர் முடிவே கட்டிவிட்டார். ஆனால் அந்த முள் வலியே இல்லாத பலரின் குதிகாலிலும் காணப்படுகிறது; கடும் வலி உள்ள பலரிடம் அது இருப்பதே இல்லை. வலியின் இருப்பிடம் நார்ப்பட்டையே என்று எலும்பு மருத்துவர் பொறுமையாக விளக்கினார். எக்ஸ்ரேயைப் பார்த்து அஞ்சியிருக்கும் சகோதரர்கள் இதை மனத்தில் இருத்துவது நல்லது.

அம்மருத்துவர் நோயைக் கண்டறிந்த விதம்தான் என்னை வியப்பில் ஆழ்த்தியது. என் வலக்காலின் பெருவிரலைப் பிடித்து மேல்நோக்கி வளைத்தார். குதிகாலில் சுரீரென்று வலித்தது. விரல்களை மேலே வளைத்தால் நார்ப்பட்டை இழுபட்டு முறுகி, பாதத்தின் வளைவு உயர்கிறது. கிணற்று ராட்டினத்தில் கயிற்றைச் சுற்றினால் வாளி மேலே வருவதற்கு இது ஒப்பு. இப்பொறியமைப்பை 1954இல் ஹிக்ஸ் என்ற ஆங்கிலேய உடற்கூற்றியலாளர் விளக்கி எழுதியதாகப் பின்னர் படித்தேன். நானோ அந்த அறையில் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். மருத்துவர் என் விரலை வளைத்துப் பிடித்த அதே நிலையில்தான் ஒவ்வொரு தொழுகையிலும் என் வலப்பாதம் இருக்கிறது. இடப்பாதத்தைப் படுக்கவைத்து அதன் மேல் அமர்ந்து, வலப்பாதத்தை நட்டு, விரல்களைக் கிப்லாவை நோக்கி வளைத்து வைக்கும் இருப்பு. ஃபிக்ஹு நூல்களில் இஃப்திராஷ் என்று பிள்ளைகளுக்கு நான் கற்பிக்கும் அந்த இருப்பு எனக்கே இயலாமல் போய்க்கொண்டிருந்தது.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். தொழுகையின் இருப்பு இந்நோயை உண்டாக்கியது என்று நான் சொல்லவில்லை, மருத்துவரும் சொல்லவில்லை. இந்நோய்க்குத் தரப்படும் முதல் பயிற்சியே படுக்கையிலிருந்து இறங்குமுன் விரல்களைக் கையால் பின்னோக்கி வளைத்துப் பத்து வினாடிகள் பிடிப்பதுதான். ஆரோக்கியமான பாதத்திற்கு அவ்வளைவு நன்மையே. புண்பட்டிருக்கும் நாரின் மீது உடல் எடையும் சேர்ந்து இறங்கும்போதுதான் அது வலியாகிறது.

நாற்காலி வந்தது. நான் கேட்காமலேயே ஜமாஅத்தார் ஒன்றைக் கொண்டுவந்து முதல் வரிசையின் ஓரத்தில் போட்டுவிட்டனர். அவர்களுடைய அன்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் என்னால் நிற்க முடிந்தது, குனிய முடிந்தது, நெற்றியைத் தரையில் வைக்க முடிந்தது. முடியாதது ஓர் இருப்பின் வடிவம் மட்டுமே. மூல நோயால் துன்புற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள், நின்று தொழுமாறும், இயலாவிட்டால் அமர்ந்தும், அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறும் வழிகாட்டிய செய்தியை நாம் அறிவோம். அதன் அடிப்படை, இயலாமை எந்த உறுப்பில் உள்ளதோ அந்த அளவிற்கே சலுகையும் உண்டு என்பதுதான். அத்தஹிய்யாத் இருப்பில் எவ்வாறு அமர்ந்தாலும் தொழுகை கூடும். இஃப்திராஷும் தவர்ருக்கும் ஸுன்னத்தான வடிவங்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் தொழுகையில் சம்மணமிட்டு அமர்வதைக் கண்ட அவர்களுடைய மகனார், சிறுவயதில் தாமும் அவ்வாறே அமர்ந்தார். தந்தையார் அதைத் தடுத்து, வலப்பாதத்தை நட்டு இடப்பாதத்தை மடக்கி வைப்பதே ஸுன்னத் என்றார்கள். தாங்கள் அவ்வாறு செய்யவில்லையே என்று மகனார் கேட்டபோது, தம் கால்கள் தம்மைத் தாங்குவதில்லை என்று பதிலளித்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் இடம்பெறும் இச்செய்தியை எத்தனையோ முறை பாடமாகச் சொல்லியிருக்கிறேன். அந்த ஆண்டில்தான் அதைக் காலால் படித்தேன். சம்மணமிட்டே தொழுதுவந்தேன். நாற்காலி இன்னொரு முதியவருக்குப் பயன்பட்டது.

தனியாகத் தொழுவதற்கு இது போதும். தொழுவிப்பதற்கு? பக்கத்து ஊர் முத்தவல்லி சாகிபு முஹர்ரம் மாதத்திலேயே ஆளனுப்பிக் கேட்டுவிட்டார்: வரும் ரமளானுக்கு ஹஜ்ரத் வருவாரா, அல்லது வேறு ஹாஃபிழைப் பார்க்கட்டுமா? இருபது ரக்அத்தில் நாற்பது ஸஜ்தாக்கள். ஒவ்வொரு ஸஜ்தாவிலும் இரு பாதங்களின் விரல்களும் தரையில் ஊன்றவேண்டும். ஒவ்வொரு ரக்அத்திலும் இரு ஸஜ்தாக்களுக்கு இடையில் ஓர் இருப்பு, இரண்டு ரக்அத்திற்கொருமுறை அத்தஹிய்யாத், ஒவ்வொன்றிலிருந்தும் எழுந்து நிற்றல். முப்பது இரவுகள். அதற்காக ஜமாஅத்தார் தரும் அன்பளிப்புதான் என் மகளின் கல்லூரிக் கட்டணத்தில் பெரும்பகுதி. பொருளை எண்ணிக் குர்ஆனை ஓதுபவன் அல்லன் நான். ஆயினும் அந்தக் கணக்கு என் வீட்டில் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. குர்ஆனை முழுதாக ஓதி முடிக்கும் அந்த மாதம் கைநழுவிப்போகுமோ என்ற ஏக்கம் அதைவிடப் பெரிதாக இருந்தது. ரஜபுக்குள் பதில் சொல்கிறேன் என்று தவணை வாங்கிக்கொண்டேன்.

அதற்குள் செய்த வைத்தியங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மென்மையான காலணி, உருட்டுவதற்கு உறையவைத்த தண்ணீர்ப் புட்டி, கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி ஆகியவை ஓரளவு உதவின. இந்நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் இவற்றாலேயே ஓராண்டுக்குள் குணமடைகின்றனர் என்பதால் எவரும் உடனே கருவியைத் தேடி ஓடவேண்டியதில்லை. அடுத்து ஸ்டீராய்டு ஊசியைப் பற்றிய பேச்சு வந்தது. அது வலியை விரைவாகக் குறைக்கும். சில வாரங்களில் அந்தப் பயன் தேய்ந்துவிடுவது வழக்கம். குதிகாலின் கொழுப்பு மெத்தை மெலிவதும், அரிதாக நார்ப்பட்டையே அறுந்துபோவதும் அதன் ஆபத்துகள் என்று மருத்துவர் வெளிப்படையாகச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். ஏழாவது மாதத்தில், ஜமாதுல் அவ்வலில், அவர் அதிர்வலைச் சிகிச்சையைப் பரிந்துரைத்தார்.

இதன் வரலாறு சுவையானது. ஜெர்மனியின் டோர்னியர் விமான நிறுவனத்தார், ஒலியை மிஞ்சும் வேகத்தில் பறக்கும் விமானங்களின் மீது மழைத்துளிகள் மோதும்போது ஏற்படும் சேதத்தை ஆராய்ந்தனர். அவ்வாராய்ச்சியில் அதிர்வலைகளின் இயல்பு அவர்களுக்குப் புலப்பட்டது. அந்த அலையைக் கொண்டு சிறுநீரகக் கல்லை உடலுக்கு வெளியிலிருந்தே உடைக்கலாம் என்ற எண்ணம் பிறந்து, 1980 பிப்ரவரி 7 அன்று மியூனிக் நகரில் கிறிஸ்டியன் சௌசி என்ற மருத்துவர் முதல் நோயாளிக்கு அச்சிகிச்சையை அளித்தார். நோயாளியைத் தண்ணீர்த் தொட்டியில் இருத்தியே அக்காலத்தில் செய்தனர். நம் ஊர்களிலும் கிட்னிக் கல்லுக்கு இச்சிகிச்சை பெற்றவர்கள் இருப்பார்கள். அலை செல்லும் வழியில் உள்ள எலும்புக்கு ஊறு நேருமோ என்று விலங்குகளில் சோதித்தபோது, எலும்பு வளர்ச்சி தூண்டப்படுவதைக் கண்டனர். கூடாத எலும்பு முறிவுகளுக்கு இதைப் பயன்படுத்திய அனுபவத்தை 1991இல் பல்கேரிய மருத்துவர்கள் வெளியிட்டனர். அங்கிருந்து தசைநாண்களுக்கு வந்தது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2000ஆம் ஆண்டில் குதிகால் வலிக்கும் 2003இல் முழங்கை வலிக்கும் இக்கருவிகளுக்கு அனுமதி வழங்கியது. மழைத்துளி விமானத்தைக் குத்தியதிலிருந்து ஓர் ஓதிக்கொடுப்பவனின் குதிகால் வரை அல்லாஹ் வழி அமைத்திருக்கிறான். ஸுப்ஹானல்லாஹ்.

கருவிகளில் இரு வகை உண்டு. குவி அலைக் கருவி, கல் உடைக்கும் கருவியின் வழிவந்தது. அதன் அலை உடலுக்குள் ஆழத்தில் ஒரு புள்ளியில் குவியும். சிறு நகரங்களின் இயன்முறை மருத்துவ நிலையங்களில் பெரும்பாலும் காணப்படுவது மற்றொன்று. அதன் கைப்பிடிக்குள் ஒரு குழல். குழலுக்குள் சிறு உலோகக் குண்டு. அழுத்தப்பட்ட காற்று அக்குண்டைத் தள்ளி முனையில் மோதவைக்கிறது. கேரம் பலகையில் ஸ்டிரைக்கர் தன் வேகத்தைக் காய்க்குக் கொடுப்பதுபோல், குண்டின் வேகம் முனை வழியாகத் தோலுக்குள் அழுத்த அலையாகச் செல்கிறது. தோலுக்கு அருகில் வலிமை மிக்கதாகவும் ஆழம் செல்லச் செல்லப் பரவித் தேய்வதாகவும் இருப்பது அதன் இயல்பு. குதிகாலுக்கு அந்த ஆழம் போதுமானது.

அலை சென்று என்ன செய்கிறது? நைந்த நாரின் செல்கள் அந்த அதிர்வை உணர்ந்து வளர்ச்சிப் பொருள்களைச் சுரக்கின்றன என்றும், வலியைக் கடத்தும் நரம்பு முனைகள் சோர்வடைகின்றன என்றும் விளக்குகின்றனர். தசைநாண் எலும்போடு சேரும் இடத்தில் புதிய நுண்குழல்கள் தோன்றுவதைத் தைவான் மருத்துவர்கள் முயல்களில் கண்டு 2003இல் எழுதினர். ஆறாமல் தேங்கிப்போன புண்ணைத் தட்டி எழுப்பி மீண்டும் ஆறத் தொடங்கச் செய்வது என்று என் இயன்முறை மருத்துவர் சொன்னதே எனக்குப் புரிந்த எளிய விளக்கம்.

அந்த இளைஞர் சிகிச்சையைத் தொடங்குமுன் கால் மணி நேரம் கேள்விகள் கேட்டார். சர்க்கரை உண்டா, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்டா, அண்மையில் அக்காலில் ஸ்டீராய்டு ஊசி போட்டதுண்டா, சிப்ரோஃபிளாக்சசின் போன்ற மாத்திரைகளை அண்மையில் உட்கொண்டதுண்டா? கடைசிக் கேள்வி விந்தையாகப் பட்டது. அவ்வினத்தைச் சேர்ந்த கிருமிக்கொல்லிகள் தசைநாணைப் பாதிக்கக்கூடும் என்று 2008இலேயே அமெரிக்காவில் கடும் எச்சரிக்கை அச்சிடச் செய்திருக்கின்றனர். நாமோ வயிற்றுப்போக்கிற்கு மருந்துக் கடையில் தானாகவே வாங்கி விழுங்குகிறோம்.

வாரம் ஒருமுறையாக ஐந்து அமர்வுகள். ஓர் அமர்வுக்கு 1,200 ரூபாய். குப்புறப் படுக்கவைத்து, குதிகாலில் எங்கே அதிகம் வலிக்கிறது என்று கட்டைவிரலால் அழுத்திக் கண்டுபிடித்து, ஜெல் தடவிக் கருவியை வைத்தார். வினாடிக்குப் பத்துத் தட்டுகள், மொத்தம் 2,000. அதாவது மூன்று நிமிடம் இருபது வினாடி. தச்சுப் பட்டறையில் கேட்கும் ஓசை. முதல் அரை நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டேன். பிறகு மனத்திற்குள் சூரா முல்க்கை ஓதத் தொடங்கினேன். முடியுமுன் கருவி நின்றுவிட்டது. நான் தாங்கும் அளவைக் கேட்டுக் கேட்டே அழுத்தத்தை உயர்த்தினார். மரத்துப்போக ஊசி போடக்கூடாதா என்று கேட்டதற்கு, மரக்கவைத்துச் செய்தால் பயன் குறைகிறது என்று ஜெர்மனியில் சோதித்துக் கண்டிருப்பதாகச் சொன்னார். சிகிச்சை நாள்களில் வலி மாத்திரையும் வேண்டாம் என்றார்.

மூன்றாவது அமர்வு முடிந்தும் வலி குறையவில்லை. இரண்டு நாள்கள் கூடவும் செய்தது. என் மனைவி, “அந்தப் பணத்தை ஏழைக்குக் கொடுத்திருந்தா துஆவாச்சும் கிடைச்சிருக்கும்” என்றார். நியாயமான பேச்சுதான். ஆனால் இச்சிகிச்சையின் பயன் உடனே தெரிவதில்லை. கடைசி அமர்வுக்குப் பின் எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் கழித்தே மதிப்பிட வேண்டும் என்று முதல் நாளே எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஒரே அமர்வில் நிரந்தரத் தீர்வு என்று சுவரொட்டி ஒட்டும் நிலையங்களைப் பற்றி இதனால்தான் எச்சரிக்கிறேன். அத்தகைய ஓரிடத்தில் எங்கள் தெருப் பரோட்டா மாஸ்டர் ஒருவர் முழங்கை வலிக்காகப் பத்து அமர்வுகளுக்கு முன்பணம் கட்டிவிட்டு, நான்காவதோடு நின்றுபோனார். அவரிடம் எவரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை; ஒரு பயிற்சிகூடக் கற்றுத்தரவில்லை.

ஆய்வுகள் ஒருமுகமாக இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆஸ்திரேலியாவில் 166 பேரிடம் செய்து 2002இல் வெளியான ஆய்விலும், ஜெர்மனியில் 272 பேரிடம் செய்து 2003இல் வெளியான ஆய்விலும், உண்மையான அதிர்வலை பெற்றவர்களும் பெயரளவில் கருவியை வைத்துக்கொண்டவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் முன்னேறினர். 2008இல் வெளியான, காற்றால் இயங்கும் கருவியைப் பற்றிய ஆய்வில் உண்மையான அலை பெற்றவர்களே மேலும் நலமடைந்தனர். ஜெர்மனியின் 2003 ஆய்வில் மரக்கவைத்துச் செய்தனர் என்பதும், அலையின் அளவு ஆய்வுக்கு ஆய்வு வேறுபட்டது என்பதும் இம்முரணுக்குச் சொல்லப்படும் காரணங்கள். தோளில் சுண்ணாம்புப் படிவு உள்ளவர்களுக்கு வலிமையான குவி அலை உதவுகிறது. படிவு இல்லாத பொதுவான தோள் வலிக்கு அத்தகைய நம்பிக்கை இல்லை. பிரிட்டனின் மருத்துவத் தர நிர்ணய நிறுவனம் 2009இல் குதிகால் வலி குறித்து, பாதுகாப்பில் பெரிய கவலை இல்லை, பயனைப் பற்றிய சான்றுகள் சீராக இல்லை என்ற கருத்தையே வெளியிட்டது. பலமான ஹதீஸையும் பலவீனமான ஹதீஸையும் பிரித்தறியப் பழகிய நமக்கு இந்த நிலை அந்நியமானதன்று.

அதிர்வலையோடு பயிற்சியைச் சேர்ப்பதே சிறப்பு என்பதில் என் இயன்முறை மருத்துவர் உறுதியாக இருந்தார். குதிகாலின் பின்புறத் தசைநாண் வலிக்கு, பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடப் பயிற்சியும் அலையும் பெற்றவர்கள் நான்கு மாதங்களில் அதிகம் நலமடைந்ததாக 2009இல் ஓர் ஆய்வு வந்தது. எனக்கு அவர் கற்றுத்தந்தது, டென்மார்க் ஆய்வாளர்கள் 2014இல் எழுதிய பயிற்சி. படிக்கட்டின் விளிம்பில் பாதத்தின் முன்பகுதியை ஊன்றி, விரல்களுக்கடியில் சுருட்டிய துண்டை வைத்து, மூன்று வினாடிகளில் குதிகாலை உயர்த்தி, இரண்டு வினாடிகள் நின்று, மூன்று வினாடிகளில் இறக்க வேண்டும். பன்னிரண்டு முறை, ஒருநாள் விட்டு ஒருநாள். பழகியபின் முதுகுப்பையில் புத்தகங்களை நிரப்பிச் சுமையைக் கூட்டவேண்டும். இதைக் கேட்ட மாணவர்கள் உற்சாகத்தோடு கிதாபுகளை அடுக்க முன்வந்தனர். நூல்களைச் சுமக்கும் கழுதையின் உவமையைக் குர்ஆனிலிருந்து பாடம் நடத்திய வாரம் அது. நான் ஐந்து கிலோ அரிசிப் பையைச் சுமந்துகொண்டேன்.

ஹவ்ளின் படிக்கட்டில் அஸருக்குப் பின் இப்பயிற்சியைச் செய்வேன். ரஜப் நடுவில் ஒரு காலை, படுக்கையிலிருந்து எழுந்து வுளூச் செய்து முடித்தபின்தான் குதிகாலை நினைத்தேன். அல்ஹம்துலில்லாஹ். அன்றே முத்தவல்லி சாகிபுக்குச் சொல்லியனுப்பினேன். அலையா, பயிற்சியா, கடந்துபோன மாதங்களா, எது எவ்வளவு உதவியது என்று ஒற்றைக் காலை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. அதற்காகத்தான் நூற்றுக்கணக்கானோரை இரு பிரிவாக்கி ஆய்வு செய்கின்றனர். ரமளானில் இருபது ரக்அத்துகளையும் நின்று தொழுவித்தேன். முதல் பத்து இரவுகள் சம்மணமிட்டு அமர்ந்தேன். பதினோராம் இரவில் வலப்பாதத்தை நட்டுப் பார்த்தேன், வலி தாங்கும் அளவில் இருந்தது. இப்போதும் நெடும் பயணம் சென்று வந்த மறுநாள் காலையில் குதிகால் தன் இருப்பை உணர்த்துகிறது.

சகோதரர்கள் கேட்கும் சில்லறைக் கேள்விகளுக்கும் விடை தந்துவிடுகிறேன். ஜெல் தண்ணீரில் கரையக்கூடியது. வுளூவுக்கு முன் கழுவிவிட்டால் போதும். தோலின் மேல் செய்யப்படுவதால் நோன்பு முறியாது. கர்ப்பிணிகளுக்கு இதைச் செய்வதில்லை. சகோதரிகள் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கட்டியோ சீழோ உள்ள இடத்தில் வைப்பதில்லை. பெண்களுக்குப் பெண் இயன்முறை மருத்துவர்கள் இன்று பல ஊர்களில் கிடைக்கின்றனர்; அதைக் காரணம் காட்டி வலியைச் சுமந்துகொண்டிருக்க வேண்டாம்.

எங்கள் பள்ளிவாசலின் மோதினார் காக்காவுக்கு வயது அறுபத்தொன்று. என் கால் தேறியதைக் கண்டு, தமக்கும் அதே வலி என்று என்னோடு அந்த நிலையத்திற்கு வந்தார். பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை. இதய அறுவைக்குப் பின் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. இயன்முறை மருத்துவர் அவருடைய பாதத்தை நூலிழை போன்ற ஒன்றால் தொட்டுத் தொட்டுக் கேட்டார். மூன்று இடங்களில் காக்காவுக்கு எதுவும் தெரியவில்லை. கருவியைத் தொடவே மறுத்துவிட்டார். “உணர்ச்சி இல்லாத காலில் எவ்வளவு அடிக்கிறேன் என்று உங்களுக்கே தெரியாது, பாய். உள்ளே இரத்தம் கட்டினாலும் தெரியாது” என்றார். காக்காவுக்கு மனவருத்தம்தான். “எனக்கு மட்டும் இல்லையா ஹஜ்ரத்?” என்று திரும்பி வரும் வழியெல்லாம் கேட்டார். வாசலில் காசை வாங்கிக்கொண்டு கருவியை வைத்து அனுப்பும் இடங்கள் எத்தனையோ இருக்க, மறுத்தனுப்பிய அந்த இளைஞருக்காக நான் துஆச் செய்தேன்.

காக்காவுக்குக் குதிகால் மெத்தையும், பள்ளிக்குள் அணிந்துகொள்ளத் தனியாக மென்மையான பாதணியும் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். வெறுங்காலுடன் நடப்பதே அவருக்கு ஆபத்து என்று சர்க்கரை மருத்துவர் சொல்லிவிட்டார். தம் இதய மருத்துவரிடம் அனுமதி பெற்று, துண்டை வைத்துச் செய்யும் பயிற்சியைச் சுமையில்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு செய்கிறார். ஒவ்வொரு முறையும் பாதத்தைத் திருப்பிப் புண் ஏதும் உண்டா என்று நான் பார்த்துவிடுகிறேன். சென்ற வெள்ளிக்கிழமை ஹவ்ளின் படியில் ஒன்பது முறை ஏறி இறங்கினார். பத்தாவதற்குள் ஜும்ஆ பாங்கின் நேரம் வந்துவிட்டது.